போதைமீட்புச் சிகிச்சைப் பணிகளில் மிரட்டலைப் பதிவுசெய்தல்: அயர்லாந்தை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

போதைப்பொருள் வணிகத்தோடு பின்னிப் பிணைந்த மிரட்டல் அயர்லாந்தில் சிகிச்சை பெறுவோரையும் அவர்தம் குடும்பத்தாரையும் நெடுங்காலமாகப் பாதித்து வருகிறது. காவல்துறையிடம் முறையிட அஞ்சுவோர் பலர் இதனை முதலில் சொல்லும் இடம் போதைமீட்பு மையமாகவே அமைகிறது. ஆயினும் சொல்லப்பட்டதை எங்கே, எவ்வாறு, எவர் பார்வைக்காக எழுதுவது என்பது எளிதில் தீராத கேள்வி. எழுதாமல் விட்டால் மிரட்டல் சிகிச்சைத் திட்டத்திலும் கொள்கையிலும் இடம்பெறாது; கவனமின்றி எழுதினால் சொன்னவருக்கே தீங்கு நேரும். பராமரிப்பு, புள்ளிவிவரம், குற்ற முறையீடு ஆகிய மூன்று நோக்கங்களுக்கும் மூன்று தனித்தனிப் பதிவுகள் தேவை என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: போதைப்பொருள்சார் மிரட்டல், போதைக்கடன், சிகிச்சைப் பதிவு, இரகசியம் காத்தல், அயர்லாந்து

முன்னுரை

போதைப்பொருள் பயன்பாடு குறித்த பதிவுகள் பெரும்பாலும் பயன்படுத்துபவரின் உடலையும் பழக்கத்தையும் மையமாகக் கொண்டவை. எந்தப் பொருள், எந்த வயதில் தொடக்கம், எவ்வழியில் உட்கொள்ளல், முன்னர் சிகிச்சை பெற்றதுண்டா என்பன அவற்றில் இடம்பெறும் வினாக்கள். அப்பொருளை விற்றவருக்கும் வாங்கியவருக்கும் இடையே நிலவும் கடனும் அச்சமும் இவ்வினாக்களுக்குள் அடங்குவதில்லை. ஆனால் சிகிச்சைக்கு வருபவரின் அன்றாட வாழ்வைத் தீர்மானிப்பதில் அக்கடனும் அச்சமும் பெரும்பங்கு வகிக்கக்கூடும். பணம் கேட்டு வாயிலில் நிற்பவனுக்கு அஞ்சி வீட்டைவிட்டு வெளியேறாதவர், மருந்து பெறும் நாளிலும் மையத்துக்கு வருவதில்லை. அவரது கோப்பில் ‘வரவில்லை’ என்ற ஒரு சொல் மட்டுமே எஞ்சும்.

இந்த இடைவெளியை நிரப்பும் முயற்சி அயர்லாந்தில் ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக நடைபெற்று வருகிறது. குடும்ப ஆதரவு அமைப்புகள், சமூக அமைப்புகள், காவல்துறை, சுகாதாரத் துறை ஆகிய நான்கும் ஒரே சிக்கலை நான்கு கோணங்களில் அணுகிய வரலாறு அது. பதிவுசெய்தல் என்னும் எளிய அலுவலகச் செயல் எத்தகைய அறக்கேள்விகளை எழுப்புகிறது என்பதை அவ்வரலாறு தெளிவாகக் காட்டுகிறது.

அயர்லாந்துப் பின்னணி

டப்ளின் நகரில் 1980களின் தொடக்கத்தில் ஹெராயின் பரவியது. உள்நகரத்தின் தொழிலாளர் குடியிருப்புகளே பெரிதும் பாதிக்கப்பட்டன. அரசின் செயற்பாடு போதாது எனக் கருதிய பெற்றோர் தாமே திரண்டு தெருவில் இறங்கினர். 1996இல் பத்திரிகையாளர் வெரோனிகா கெரின் கொலையுண்டதை அடுத்துக் குற்றவழிச் சொத்துகளைப் பறிமுதல் செய்யும் சட்டமும் அதற்கென ஒரு செயலகமும் உருவாயின. 1997இல் மிகுதியாகப் பாதிக்கப்பட்ட பகுதிகளில் உள்ளூர்ப் போதைப்பொருள் செயற்குழுக்கள் அமைக்கப்பட்டன. அரசு அலுவலர், தன்னார்வ அமைப்பினர், பகுதி மக்கள் ஆகியோர் ஒரே மேசையில் அமரும் ஏற்பாடு அது. மிரட்டல் குறித்த செய்திகள் கொள்கை வகுப்போரின் செவிக்கு எட்டியதில் இக்குழுக்களுக்குப் பங்குண்டு.

தேசிய குடும்ப ஆதரவு வலையமைப்பும், ‘கார்டா’ என வழங்கும் அயர்லாந்துக் காவல்துறையின் போதைப்பொருள் பிரிவும் இணைந்து மிரட்டல் முறையீட்டுத் திட்டம் ஒன்றை உருவாக்கின. 2013இல் அது நாடு முழுமைக்கும் விரிந்தது. ஒவ்வொரு கார்டா மண்டலத்திலும் ஓர் ஆய்வாளர் இதற்கெனப் பெயர்குறித்து அமர்த்தப்பட்டார். முறைப்படியான புகார் அளிக்காமலேயே பாதிக்கப்பட்டவர் அவரைச் சந்திக்கலாம். தற்காப்பு ஆலோசனையும், குறிப்பிட்ட மிரட்டலின் தன்மை பற்றிய விளக்கமும், புகார் அளித்தால் நிகழக்கூடியவை பற்றிய தெளிவும் பெறலாம். இதன்பின், மிரட்டலுக்கும் வன்முறைக்கும் ஒருங்கிணைந்த முறையில் முகங்கொடுக்கும் ‘டிரைவ்’ என்னும் பல்துறைச் செயல்திட்டமும் உருப்பெற்றது.

ஆய்வுகளும் உடன்வந்தன. ஜானி கானலி, லியம் பக்லி ஆகியோர் சமூக அமைப்புகளோடு இணைந்து மேற்கொண்ட ஆய்வு 2016இல் வெளியானது. சுகாதார ஆராய்ச்சி வாரியம் அயர்லாந்து நிலையையும் பிறநாட்டு நடவடிக்கைகளையும் தொகுத்து 2017இல் ஒரு மதிப்பாய்வை வெளியிட்டது. அதே ஆண்டில் தொடங்கி 2025 வரைக்குமான தேசியப் போதைப்பொருள் கொள்கை, போதைப் பயன்பாட்டைச் சுகாதாரச் சிக்கலாக அணுகுவதைத் தன் அடிப்படையாக அறிவித்தது.

மிரட்டலும் அதன் நோக்கங்களும்

பதிவுசெய்வதற்கு முன் பதிவுக்குரிய பொருள் வரையறுக்கப்பட வேண்டும். அயர்லாந்து ஆய்வுகளின்வழி மிரட்டலின் நோக்கங்களை நான்காகப் பகுக்கலாம். கடனை வசூலித்தல் முதலாவது. விநியோக அமைப்புக்குள் இருப்போரை அடக்கியாளுதல் இரண்டாவது. காவல்துறைக்குத் தகவல் செல்லாமல் தடுத்தல் மூன்றாவது. புதியவர்களை, குறிப்பாகச் சிறுவர்களை, விநியோகத்துக்குள் இழுத்தல் நான்காவது.

இவற்றுள் கடன் சார்ந்த மிரட்டலே சிகிச்சை மையங்களுக்கு மிகவும் நெருக்கமானது. போதைக்கடன் உருவாகும் வழிகள் பல. தவணைக்குப் பொருள் வாங்கி உரிய காலத்தில் செலுத்த இயலாமை ஒன்று. விற்பதற்காகப் பெற்ற பொருளைத் தானே பயன்படுத்திவிடுதல் மற்றொன்று. காவல்துறை பொருளைக் கைப்பற்றும்போது அதன் மதிப்பு முழுவதும் அதை வைத்திருந்தவர் தலையில் கடனாக விழுதல் வேறொன்று. கடைசி வழி குறிப்பிடத்தக்கது. சட்டம் செயற்பட்டதன் விளைவாகவே அங்குப் புதிய கடன் பிறக்கிறது.

கடன் பட்டவர் செலுத்த இயலாதபோது அது குடும்பத்தின்மேல் ஏற்றப்படுகிறது. கதவைத் தட்டுதல், தொலைபேசி மிரட்டல், சன்னல் உடைத்தல், தாக்குதல், தீவைத்தல் எனப் படிகள் ஏறுகின்றன. பணத்துக்கு ஈடாகப் பொருளையோ ஆயுதத்தையோ வீட்டில் மறைத்து வைக்கவும், விநியோகம் செய்யவும், பாலியல் சுரண்டலுக்கு உட்படவும் கட்டாயப்படுத்தப்படுவதும் உண்டு. சேமிப்பைக் கரைத்தும் கடன்பட்டும் பணம் கட்டும் பெற்றோர், அத்துடன் தொல்லை முடிந்தது எனக் கருதுவர். பணம் கொடுக்கக்கூடிய வீடு எனத் தெரிந்துவிட்டால் கோரிக்கை மீண்டும் வரக்கூடும் என்பதைக் குடும்ப ஆதரவுப் பணியாளர் அறிவர். எனவே மிரட்டலை ஒற்றை நிகழ்வாகக் கொள்வது பொருந்தாது. பெரும்பாலும் அது காலத்தில் நீளும் ஓர் உறவுநிலை. பதிவின் வடிவத்தைத் தீர்மானிப்பதில் இவ்வியல்பு முதன்மையானது.

பதிவு இல்லாதபோது சிகிச்சையில் நேர்வது

மிரட்டலைப் பதிவுசெய்வது காவல்துறையின் வேலை, சிகிச்சையாளரின் வேலை நோயைப் பார்ப்பது என்னும் கருத்து உண்டு. நடைமுறையில் இவ்விரண்டையும் பிரிக்க முடிவதில்லை. மெத்தடோன் சிகிச்சை இதற்குத் தக்க சான்று. அயர்லாந்தில் 1998 முதல் தனி விதிமுறைகளின்கீழ் மெத்தடோன் வழங்கப்படுகிறது. நிலைபெற்றவர்களுக்குச் சில நாள்களுக்குரிய மருந்து வீட்டுக்குக் கொடுத்தனுப்பப்படுவதும் உண்டு. கடனுக்கு ஈடாக அம்மருந்தை ஒருவர் பறிகொடுக்க நேர்ந்தால், அவர் மீண்டும் ஹெராயினை நாடுவதைச் சிகிச்சையின் தோல்வியாகக் கோப்பு காட்டும். மருந்தின் அளவை மாற்றுவதால் அச்சிக்கல் தீராது. வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் முறையை மாற்றுவதால் தீரக்கூடும். அதை முடிவுசெய்ய மருத்துவருக்கு மிரட்டல் பற்றிய செய்தி தெரிந்திருக்க வேண்டும்.

சந்திப்புக்கு வராமை இன்னொரு சான்று. மையத்துக்குச் செல்லும் தெருவிலோ, காத்திருக்கும் அறையிலோ கடன் கேட்பவர் இருக்கலாம். குழுச் சிகிச்சையில் எதிரில் அமர்ந்திருப்பவர் மிரட்டுபவரின் உறவினராக இருக்கலாம். இவற்றைச் சொல்ல அஞ்சி ஒருவர் வராமல் நின்றுவிட்டால், ‘தாமாகவே சிகிச்சையைக் கைவிட்டார்’ என வெளியேற்றக் காரணம் எழுதப்படும். இத்தகைய பதிவு பொய்யன்று. ஆயினும் அது உண்மையை மறைக்கிறது. நேரத்தையும் வாயிலையும் மாற்றிக் கொடுத்தாலோ, வேறு பகுதியிலுள்ள மையத்துக்கு அனுப்பினாலோ அவர் தொடர்ந்து வந்திருக்கக்கூடும்.

கேட்பதில் ஏற்படும் தயக்கத்துக்கும் காரணங்கள் உண்டு. கேட்டபின் செய்வதற்கு ஒன்றுமில்லை எனப் பணியாளர் கருதலாம். தாமும் அதே பகுதியில் குடியிருப்பவர் எனில் அவருக்கே அச்சம் இருக்கலாம். அனுபவத்தின்வழிப் பணிக்கு வந்த, முன்னர்ப் போதையிலிருந்து மீண்ட பணியாளருக்கு மிரட்டுபவரை நேரில் தெரிந்திருக்கவும் கூடும். ஆகவே பதிவு நடைமுறை என்பது பணியாளரின் பாதுகாப்பையும் உள்ளடக்கியதாக இருத்தல் வேண்டும்.

மூன்று பதிவுகள்

ஒரு கற்பனை நிலையைக் கொண்டு இதனை விளக்கலாம். பத்தொன்பது வயது இளைஞன் ஒருவன் கோக்கைன் பயன்பாட்டுக்காகச் சிகிச்சைக்கு வருகிறான். மூன்றாவது சந்திப்பில் தனக்குக் கடன் இருப்பதையும், முந்தைய வாரம் இருவர் வீட்டுக்கு வந்து தாயிடம் பணம் கேட்டதையும், அவர்களில் ஒருவன் பெயரையும் சொல்கிறான். காவல்துறைக்குத் தெரியக் கூடாது எனவும் வேண்டுகிறான். பணியாளர் எதை எழுதுவது?

முதலாவது, பராமரிப்புப் பதிவு. இளைஞனும் தாயும் இப்போது பாதுகாப்பாக உள்ளனரா, வீட்டில் சிறுவர் உள்ளனரா, எந்த எண்ணில் அழைப்பது பாதுகாப்பானது, குறுஞ்செய்தி அனுப்பலாமா, வீட்டுக்குக் கடிதம் அனுப்பலாமா என்பன இதற்குரியவை. எடுக்கப்பட்ட முடிவும் அடுத்த சந்திப்பில் கேட்கவேண்டியதும் எழுதப்பட வேண்டும். மிரட்டியவனின் பெயர் இப்பதிவுக்குப் பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. ‘கடன் தொடர்பாக வீட்டுக்கு வந்து மிரட்டினர்’ என்னும் அளவே சிகிச்சையை மாற்றியமைக்கப் போதுமானது.

இரண்டாவது, புள்ளிவிவரப் பதிவு. இதில் பெயரோ முகவரியோ கதையோ இடம்பெறத் தேவையில்லை. மிரட்டல் நேர்ந்ததா, எவ்வகைப்பட்டது, யார்மீது, கடனோடு தொடர்புடையதா, எங்கேனும் முறையிடப்பட்டதா என்னும் குறியீடுகள் போதும். இவ்வெண்களே ஒரு பகுதிக்குப் பணியாளரும் நிதியும் ஒதுக்குவதற்கு ஆதாரமாகும்.

மூன்றாவது, குற்ற முறையீடு. இது பாதிக்கப்பட்டவரின் விருப்பத்தைச் சார்ந்தது. மையத்தின் பணி, வழியைக் காட்டி உடன்செல்வது. மேற்குறித்த மண்டல ஆய்வாளரைச் சந்திப்பது முழுப் புகாருக்கும் மௌனத்துக்கும் இடைப்பட்ட ஒரு படியாக அமைகிறது. அவ்வாறு வழிகாட்டப்பட்டது என்னும் செய்தி பராமரிப்புப் பதிவில் இருக்கலாம். அங்கே சொல்லப்பட்டவை அதில் இடம்பெற வேண்டியதில்லை.

மூன்றையும் ஒரே படிவத்தில் அடக்க முயலும்போதே இடர் தோன்றுகிறது. எண்ணிக்கைக்காகக் கேட்கப்படும் வினா விசாரணைபோல் ஒலிக்கிறது. பராமரிப்புக்காகச் சொல்லப்பட்ட பெயர், பலர் திறந்து பார்க்கும் கணினிப் பதிவில் நிலைத்துவிடுகிறது.

எண்ணுவதில் உள்ள சிக்கல்கள்

அயர்லாந்தின் தேசியப் போதைப்பொருள் சிகிச்சைப் பதிவு அமைப்பு 1990இல் டப்ளின் பகுதியில் தொடங்கி, 1990களின் நடுவில் நாடு முழுமைக்கும் விரிந்தது. சுகாதார ஆராய்ச்சி வாரியம் அதனை நடத்துகிறது. 2022ஆம் ஆண்டுத் தரவுகளில் கோக்கைன் ஓபியாய்டுகளை முந்தி, சிகிச்சைக்கு வருவோரின் முதன்மைச் சிக்கலாக மிகுதியும் பதிவாகும் பொருள் ஆனது. இத்தகைய மாற்றங்களைக் கண்டறியும் ஆற்றல் அவ்வமைப்புக்கு உண்டு. மிரட்டலை எண்ணும்போது வேறு சில கேள்விகள் எழுகின்றன.

முதற்கேள்வி, அலகு பற்றியது. இவ்வமைப்பு எண்ணுவது சிகிச்சைத் தொடக்கங்களை. ஒருவரே ஓராண்டில் இருமுறை சிகிச்சைக்கு வந்தால் இரண்டாகக் கணக்கிடப்படலாம். மிரட்டலிலோ எண்ணத்தக்கவை மூன்று: மிரட்டப்பட்ட ஆள்கள், மிரட்டல் நிகழ்வுகள், மிரட்டல் நிலவும் கடன்கள். ஒரே கடனுக்காகத் தாய், மகன், மகள் மூவரும் பலமுறை மிரட்டப்பட்டால், எந்த அலகைத் தேர்கிறோமோ அதற்கேற்ப எண் மாறும். அலகு அறிவிக்கப்படாத எண்ணிக்கையை ஒப்பிட இயலாது.

இரண்டாம் கேள்வி, பாதிக்கப்பட்டவர் எவர் என்பது. ஐரோப்பிய நாடுகள் பொதுவாகப் பின்பற்றும் சிகிச்சைத் தேவைச் சுட்டி, தம் போதைப் பயன்பாட்டுக்காகச் சிகிச்சை தொடங்குபவரையே கணக்கில் கொள்கிறது. மிரட்டலுக்கு உள்ளாகும் தாயோ பாட்டியோ போதைப்பொருளைத் தொட்டிருக்கமாட்டார். மகன் சிகிச்சைக்கு வராதபோது அவர் எந்தப் பதிவிலும் தென்படுவதில்லை. எனவே குடும்ப ஆதரவுப் பணிகளின் பதிவும் இணையாமல் இச்சிக்கலின் பரப்பை அறிய இயலாது.

மூன்றாம் கேள்வி, வெற்றிடம் பற்றியது. ‘மிரட்டல் இல்லை’, ‘கேட்கப்படவில்லை’, ‘சொல்ல விரும்பவில்லை’ ஆகிய மூன்றும் வெவ்வேறு விடைகள். படிவத்தில் ஒரே ஒரு கட்டம் இருந்து, அது நிரப்பப்படாமல் விடப்படும்போது மூன்றும் ஒன்றாகின்றன. அச்சம் மிகுந்த பகுதியில் மௌனமும் மிகுதி. அங்கு வெற்றுக் கட்டங்களை ‘இல்லை’ எனக் கூட்டினால், மிகவும் பாதிக்கப்பட்ட பகுதியே மிகவும் அமைதியான பகுதியாகத் தோற்றமளிக்கும். அதற்கேற்ப நிதியும் குறையும். புள்ளிவிவரப் பிழை ஒன்று அநீதியாக மாறும் இடம் இது.

இதனோடு தொடர்புடையது போக்கினைப் பொருள்கொள்ளும் முறை. பணியாளர் பயிற்சி பெற்றுக் கேட்கத் தொடங்கிய ஆண்டில் எண்ணிக்கை உயரும். மிரட்டல் பெருகியது என்பதைக் காட்டிலும் நம்பிக்கை பெருகியது என்பதற்கு அது சான்றாகலாம். கேட்கப்பட்டவர் எத்தனை பேர் என்னும் எண்ணும் உடனிருந்தால்தான் இரண்டையும் பிரித்தறிய முடியும்.

இரகசியமும் சட்டமும்

சிகிச்சைப் பதிவு பூட்டிய பெட்டியன்று. ஐரோப்பிய ஒன்றியத்தின் பொதுத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறை 2018 மே 25 முதல் நடைமுறையில் உள்ளது. உடல்நலம் சார்ந்த தரவுகளுக்கு அதன் 9ஆம் பிரிவும், குற்றத் தீர்ப்புகள், குற்றங்கள் சார்ந்த தரவுகளுக்கு 10ஆம் பிரிவும் சிறப்புக் கட்டுப்பாடுகளை விதிக்கின்றன. தம்மைப் பற்றிய பதிவைக் கேட்டுப் பெறும் உரிமையை 15ஆம் பிரிவு ஒவ்வொருவருக்கும் அளிக்கிறது. இங்கு ஒரு நுட்பமான நிலை தோன்றுகிறது. கோப்பில் பெயர் குறிக்கப்பட்ட மிரட்டுபவரும் தரவுக்குரியவரே. மேலும், சிகிச்சை பெறுபவர் தம் கோப்பின் படியைப் பெற்று வீட்டுக்குக் கொண்டுசென்றால், அது மிரட்டுபவர் கையில் சிக்கக்கூடும். நீதிமன்ற ஆணையால் கோப்பு வெளிவரவும் வாய்ப்புண்டு. ‘இவ்வரி எதிரியின் கண்ணில் பட்டால் என்னாகும்’ என்னும் வினா எழுதுபவர் மனத்தில் இருத்தல் நலம்.

மறுபுறம், முழு இரகசியத்தை எவரும் உறுதியளிக்க இயலாது. 2015ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டத்தின்படி மருத்துவர், செவிலியர், சமூகப்பணியாளர் முதலியோர் குழந்தைக்கு நேரும் கடுந்தீங்கைக் குழந்தைகள்–குடும்ப முகமையான ‘துஸ்லா’வுக்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டவர்கள். உயிருக்கோ உடலுக்கோ பெருந்தீங்கு விளைக்கும் கடுங்குற்றம் பற்றிய முக்கியத் தகவலைத் தக்க காரணமின்றி மறைத்தலை 1998ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று குற்றமாக்குகிறது. கொலை மிரட்டலும் அச்சுறுத்திப் பணம் பறித்தலும் தம்மளவிலேயே தண்டனைக்குரிய குற்றங்கள். சிறுவரைக் குற்றச்செயலில் ஈடுபடுத்துவதைத் தனிக்குற்றமாக 2024ஆம் ஆண்டுச் சட்டம் வரையறுத்தது.

ஆகவே இரகசியத்தின் எல்லை முதல் சந்திப்பிலேயே, எதுவும் சொல்லப்படுவதற்கு முன்னரே, எளிய சொற்களில் விளக்கப்பட வேண்டும். எல்லையை அறிந்தபின் எதைச் சொல்வது, எதைத் தவிர்ப்பது எனத் தீர்மானிக்கும் உரிமை பாதிக்கப்பட்டவரிடம் இருக்கும். சொன்னபின் எல்லையை அறிவிப்பது நம்பிக்கையைக் குலைக்கும். அச்செய்தி பகுதி முழுவதும் பரவினால் வேறெவரும் வாய்திறவார்.

நடைமுறைக்குரிய கூறுகள்

மேற்கண்டவற்றிலிருந்து நல்ல பதிவு நடைமுறையின் கூறுகளைத் தொகுக்கலாம். வினா எல்லோரிடமும் வழக்கமாகக் கேட்கப்பட வேண்டும். சிலரை மட்டும் தேர்ந்து கேட்டால் அவர்கள் அடையாளப்படுத்தப்படுவர். ‘மிரட்டல்’ என்னும் சொல்லைத் தம் நிலைக்குப் பொருத்திப் பாராதவர் உண்டு என்பதால், ‘கொடுக்க வேண்டிய பணத்தை எண்ணிக் கவலைப்படுகிறீர்களா’, ‘வீட்டில் எவரேனும் அஞ்சுகிறார்களா’ என வினவுதல் பயன்தரும். தனித்திருக்கும்போதே கேட்க வேண்டும். ஒருமுறை ‘இல்லை’ என்றவரிடம் பின்னரும் கேட்க வேண்டும். எழுதியதைச் சொன்னவருக்கே படித்துக்காட்டி இசைவு பெற வேண்டும். கோப்பைத் திறக்கும் உரிமை உடையோர் எவர் என்பது வரையறுக்கப்பட வேண்டும். சிறு குடியிருப்புகளில் ஓரிரு நிகழ்வுகளே இருப்பின், பெயரில்லாத எண்ணும் ஆளைக் காட்டிக்கொடுக்கும். அங்கெல்லாம் பெரிய பரப்போடு சேர்த்தே வெளியிட வேண்டும்.

இறுதியாக, கேட்பதற்குப் பின் ஏதேனும் நிகழ வேண்டும். பாதுகாப்புத் திட்டம், குடும்ப ஆதரவு, இடமாற்றத்துக்கு உதவி, ஆய்வாளரோடு சந்திப்பு ஆகியவற்றுள் எதையும் அளிக்க இயலாத மையம் வினாவை மட்டும் கேட்பது, பாதிக்கப்பட்டவரின் இடரை வாங்கிக்கொண்டு வெறுங்கையோடு அனுப்புவதற்கு ஒப்பாகும்.

முடிவுரை

போதைப்பொருள்சார் மிரட்டல் மௌனத்தால் நிலைபெறுவது. சிகிச்சை மையம் அம்மௌனம் கலையக்கூடிய சில இடங்களுள் ஒன்று. அங்குச் சொல்லப்படுவதைப் பதிவுசெய்யாமல் விடுவது நடுநிலையாகத் தோன்றினும், அதன் பயன் மிரட்டுபவருக்கே சேர்கிறது. அனைத்தையும் எழுதிவைப்பதும் தீர்வாகாது. பராமரிப்புக்குத் தேவையானதைக் கோப்பிலும், கொள்கைக்குத் தேவையானதைப் பெயரற்ற எண்ணிலும், குற்ற விசாரணைக்குத் தேவையானதைப் பாதிக்கப்பட்டவரின் இசைவோடு காவல்துறையிலும் பிரித்துவைக்கும் ஒழுங்கே இரு தீங்குகளையும் குறைக்கும். கோப்பில் ‘வரவில்லை’ என்று எழுதப்படும் ஒவ்வொரு முறையும், ஏன் வரவில்லை என்று பாதுகாப்பாகக் கேட்பதற்கு ஒரு வழி இருக்க வேண்டும் என்பதே அயர்லாந்து அனுபவம் சிகிச்சைப் பணிகளுக்கு உணர்த்துவது.